காதால் படிக்கும் ஆங்கிலம்

(ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளுக்கான நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எங்கள் காலத்துக் கருவி சைக்கிள் டைனமோ. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, நான் வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்பேன். அவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். மற்றப்படி ஆங்கிலத்தைக் கண்ணால்தான் படித்தோம். அதன் விளைவு மருத்துவ பீடத்தில் தெரிந்தது. புத்தகத்தில் பலமுறை வாசித்த சொல்லை விரிவுரையாளர் வாயால் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்தே முதலாம் ஆண்டைக் கடத்தினேன்.

இப்போது எமது சங்கம் ஆரம்பப் பிரிவுக்கு ‘ரப்’ வழங்கவிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் போன மாதம் மூன்றாம் தர வகுப்பொன்றில் இருந்து பார்த்தேன். செயலி ஒரு சொல்லைச் சொல்கிறது; நான்கு படங்களில் ஒன்றைப் பிள்ளை தொடுகிறாள். பத்துக்கு எட்டு. ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு அதே பயிற்சியைக் கொடுத்தேன். அப்போதும் ஏழு! படங்களின் ஒழுங்கு அவளுக்குப் பாடமாகியிருந்தது.

ஆகவே திரையைக் கவிழ்த்து வையுங்கள், ரீச்சர். உங்கள் சொந்தக் குரலில் ஒரு நிமிடக் கதையைக் கைத்தொலைபேசியில் பதியுங்கள். முதன்முறை சும்மா கேட்கட்டும். அடுத்தமுறை, கேட்டதைக் கீறட்டும். பூனை மேசைக்கு மேலேயா கீழேயா என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். பேரிக்காய்க்கும் கரடிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பெயார்’தான், வேறுபாட்டைக் காதுதான் பிடிக்க வேண்டும். உங்கள் உச்சரிப்பு வெள்ளைக்காரருடையதுபோல் இல்லையே என்று கூச்சப்படாதீர்கள். 2003இல் வெளிவந்த பற்றீசியா கூலின் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளை நேரில் பேசியவரிடம் கற்றன, காணொளியில் கற்கவில்லை. அவை கைக்குழந்தைகள்தான், என்றாலும் நான் ரீச்சரின் பக்கம்.

அதே வகுப்பில் இன்னொருத்தி ஹெட்போன் ஒலியை உச்சத்தில் வைத்திருந்தாள். ‘கவனம் காணாது’ என்று பெயர் வாங்கியவள். தாயிடம் சொல்லிக் காதைப் பரிசோதித்தோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர். தடிமனுக்குப் பிறகு சிறுவர்களுக்கு இது வருவது வழக்கம். பெரும்பாலும் நோகாது, அதனால் எவருக்கும் தெரியவராது. அவளுக்கு எந்தச் செயலியால் என்ன பயன்?

‘ரப்’ வாங்க முன்னர் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் செவிப்பரிசோதனை செய்வோம். நான் நான்கு சனிக்கிழமைகள் தருகிறேன். கேள்விமானி ஒன்றை இரவலாகப் பெற்றுத்தரக்கூடிய சகோதரி யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னைச் சந்தியுங்கள்.