வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று





ஒரு வீட்டைக் கட்டும்போது நாம் எடுத்துக்கொள்ளும் கவனத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். முன் மண்டபம் விசாலமாக இருக்க வேண்டும்; தரைக்கு மாபிள் பதிக்க வேண்டும்; விருந்தினர் அமரும் இடத்தில் நான்கு யன்னல்களாவது இருக்க வேண்டும். இவற்றைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இறுதியில், பின்மதிலோரம் எஞ்சிய இடத்தில் குசினி அமைகின்றது. அதற்கு ஒரு யன்னல் கிடைத்தால் பெரிய காரியம். அந்த இடத்திலேதான் உங்கள் தாயோ மனைவியோ நாளொன்றுக்குப் பல மணி நேரம் நிற்கின்றார். பல வேளைகளில் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கின்றது. அந்தக் குசினியின் காற்று எத்தகையது என்று நம்மில் எவரேனும் ஒரு நாளாவது சோதித்துப் பார்த்ததுண்டா?

வீதியில் ஒரு லொறி கரும்புகை கக்கிச் சென்றால் மூக்கைப் பொத்திக்கொள்கின்றோம். வீட்டினுள் எழும் புகைக்கோ நாம் பழகிவிட்டோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எரிபொருள் எரிவதால் மாசடையும் காற்றினால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் மரணித்துள்ளனர். அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். இது எங்கோ தொலைவில் உள்ளோரின் கதையன்று. நமது நாட்டில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது முக்கால் பங்குக்கும் அதிகமான குடும்பங்கள் விறகையே பிரதான எரிபொருளாகக் கொண்டிருந்தன. 2022 இல் எரிவாயுவுக்கு நீண்ட வரிசைகளில் நின்றபோது, விறகை மறந்திருந்த கொழும்பு வீடுகளிலும் அடுப்புக் கற்கள் மீண்டும் வைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

புகையில் நமக்கு அதிகம் தீங்கிழைப்பது கண்ணுக்குத் தெரியும் கரியன்று. ஒரு மீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் இரண்டரைப் பங்கு அளவும் அதனிலும் சிறிதுமான துகள்கள் அதில் உள்ளன. இவற்றையே பி.எம். 2.5 என்கின்றனர். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. ஒரு கன மீற்றர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என 2021 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்தது. புகைபோக்கியில்லாத குசினியில் விறகு எரியும் நேரத்தில் இது பல நூறாக உயரும்.

இதனைச் சோதிக்கக் கருவி வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். கருவி இல்லாமலே தொடங்கலாம். சமைப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில், அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு வெள்ளைத் துணித்துண்டைத் தொங்கவிடுங்கள். படுக்கையறையில் இன்னொன்று. ஒரு வாரம் கழித்து இரண்டையும் முற்றத்து வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, பிள்ளையின் இருமலைக் கவனியுங்கள். உம்மம்மா வீட்டில் நான்கு நாள் தங்கும்போது குறையும் முட்டு, சொந்த வீட்டுக்கு வந்த இரவே திரும்புமாயின், அந்த வீட்டின் காற்றைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

துகள் அளக்கும் சிறிய கருவிகளும் இன்று விற்பனைக்கு உள்ளன. நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அதைச் சுவரின் உச்சியில் மாட்டாமல், குழந்தை மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள். சமைப்பதற்கு முன்னர், சமைக்கும்போது, சமைத்து ஒரு மணி நேரம் கழித்து, பின்னர் வெளி முற்றத்தில் என நான்கு தடவை குறித்துக்கொள்ளுங்கள். ஈரலிப்பு மிகுந்த நாளில் இக்கருவிகள் கூட்டிக் காட்டுவதுண்டு. ஆதலால் ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு கலங்க வேண்டாம். ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இனி, நமது வீடுகளுக்கே உரிய சில பழக்கங்களைப் பேச வேண்டும்.

முதலாவது, நுளம்புச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமமாக இருக்கலாம் என 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சிகரெட் பிடிக்கும் மனிதரைக் குழந்தையின் அறைக்குள் விடமாட்டோம். சுருளைக் கட்டிலின் கீழேயே வைத்துவிட்டு, கதவையும் அடைத்துக்கொள்கின்றோம்! டெங்கு பரவும் நாட்டில் நுளம்பை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. இரவில் கடிக்கும் நுளம்புக்கு வலை இருக்கின்றது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. நீர் தேங்கும் சிரட்டைகளையும் பீலிகளையும் துப்புரவு செய்வதே அதற்குரிய வழி.

இரண்டாவது, சாம்பிராணி. பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் நாற்பது நாள் அடைத்த அறையில் வைத்து, குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி இட்டுப் புகை காட்டுவதை நமது மூத்த பெண்கள் அன்பினாலேயே செய்கின்றனர். அந்த அன்பை நான் மதிக்கின்றேன். ஆயினும் சிலர் இதனை மார்க்கக் கடமை போலக் கருதுவதால், ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது: நறுமணத்தை நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என்பது உண்மை. பிறந்த சிசுவைப் புகையில் பிடிப்பது மார்க்கம் விதித்த கடமையன்று. பச்சை வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று தடுத்த மார்க்கம் இது. பிறர் சுவாசிக்கும் காற்றுக்கு அது எவ்வளவு மதிப்பளித்தது என்று சிந்தியுங்கள். வீட்டுக்கு மணம் வேண்டுமாயின், யன்னல்களைத் திறந்து வைத்து, சிசு வேறிடத்தில் இருக்கும்போது சிறிதளவு இடுங்கள்.

சிசுவின் அறையில் தணல் வைப்பதில் புகையைக் காட்டிலும் பெரியதோர் ஆபத்தும் உண்டு. அதுதான் காபனோரொட்சைட்டு என்னும் வாயு. பாடசாலையில் படித்த காபனீரொட்சைட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியன வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும். அதன் பின்னரே காரணத்தைத் தேட வேண்டும். மின்வெட்டு நேரத்தில் மின்பிறப்பாக்கியை வீட்டினுள்ளோ, யன்னலுக்கு அருகிலோ இயக்குவதும் இதே ஆபத்தைத் தரும். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்துபோனபோது, உறங்கச் செல்கையில் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் உள்ளது. தணலும் நெருப்பே.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்தது. அச்சட்டம் உங்கள் படுக்கையறைக்குள் வராது. ஆனால் உங்கள் தங்கையின் நுரையீரல் அந்த வீட்டிலேதான் இருக்கின்றது.

குளிரூட்டி பொருத்திய வீட்டாரும் தமக்கு இப்பிரச்சினை இல்லை என்று எண்ண வேண்டாம். சுவரில் தொங்கும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கின்றது. ஐந்து பேர் உறங்கும் அடைத்த அறையில் காபனீரொட்சைட்டு அளக்கும் கருவியை வைத்து, ஸுப்ஹுக்கு எழும்போது கதவைத் திறக்குமுன் பாருங்கள். வெளியில் பத்து இலட்சத்தில் சுமார் 420 பங்காக உள்ளது, அங்கே ஆயிரத்தையும் இரண்டாயிரத்தையும் தாண்டியிருக்கலாம். அந்த அளவு நஞ்சன்று. ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் சுவாசிக்கின்றார் என்பதன் அடையாளம். ஒருவரின் தடிமல் வீடு முழுவதற்கும் பரவுவது இப்படித்தான். கதவைச் சிறிது திறந்து வைத்தாலே எண் இறங்குவதைக் காண்பீர்கள்.

திருத்தம் என்று வரும்போது பலர் முதலில் கேட்பது காற்றுச் சுத்திகரிப்பானின் விலையை. அது கடைசியில் வர வேண்டியது. பூச்சாடிகள் காற்றைச் சுத்திகரிக்கும் என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு வீட்டுக்குப் போதுமான அளவு அவற்றால் செய்ய முடியாது. முதலில், புகை எங்கே பிறக்கின்றதோ அங்கே கை வையுங்கள். விறகை மழை படாமல் கூரையின் கீழ் அடுக்கிக் காயவிடுங்கள். ஈர விறகே அதிகம் புகைக்கும். பொலித்தீனைக் கொண்டு அடுப்பு மூட்டுவதை இன்றே நிறுத்துங்கள். நமது நாட்டில் பரவலாகிய 'அனகி' மண் அடுப்பு விறகையும் புகையையும் குறைக்கும். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை என்பதால், காற்றோட்டம் இன்னமும் அவசியம். சூடான புகை மேலே ஏறும். எனவே அடுப்புக்கு மேல் கூரையோரம் ஒரு திறப்பும், எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு யன்னலும் வேண்டும். மேசன் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. விசிறி பொருத்துவதாயின் அது காற்றை வெளியே தள்ளும் விதமாக அமைய வேண்டும்.

எல்லா நாளும் யன்னலைத் திறப்பது சரி என்றும் இல்லை. 2022 டிசம்பரில் வெளிக்காற்று மிக மோசமடைந்து பாடசாலைகளே மூடப்பட்டன. அத்தகைய நாட்களில் அடைத்து வைத்து, உள்ளே எரிப்பதைக் குறைக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த வெள்ளைத் துணியைப் புதிதாக மாட்டி, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் வைத்தியரிடம் காட்டும்போது, மருந்துத் துண்டோடு சேர்த்து, வீட்டில் எதை எரிக்கின்றீர்கள், பிள்ளை எங்கே உறங்குகின்றது என்பதையும் கூறுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் கூறுங்கள்.