மின்சாரம் இல்லாமல் ஒரு சுருக்கு
(கெலவரப்பள்ளியில் நண்பர்கள் கூடுகையில் நமது மருத்துவர் ஆற்றிய உரை)



அணைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வருகையில் ஒரு பெரியவர், "இன்னிக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க, டாக்டர்?" என்று கேட்டார். "பெருங்குடலைப் பற்றி, ஐயா" என்றேன். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றார். முன்னால்தான். ஆகையால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

மலத்தில் ரத்தம் போனால் நம் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் பெயர் ஒன்றே: மூலம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லாருக்கும் அல்ல. சிலருக்குப் பெருங்குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சி இருக்கும். அதைப் பாலிப் என்கிறோம். பச்சைப் பட்டாணி அளவு இருக்கலாம், நெல்லிக்காய் அளவும் இருக்கலாம். எல்லாப் பாலிப்பும் கெட்டதல்ல. அடினோமா என்ற வகையில் சில மட்டும், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறும். அந்தப் பல ஆண்டுகள்தாம் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

முன்பெல்லாம் இதை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. 1969-ல் நியூயார்க் நகரில் வுல்ஃப், ஷின்யா என்ற இரு மருத்துவர்கள், கொலனோஸ்கோப் குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கை உள்ளே செலுத்தி, வயிற்றில் கத்தி படாமல் பாலிப்பை அறுத்து எடுத்தார்கள். இப்படி எடுத்துவிட்டால் பின்னால் புற்றுநோய் குறைகிறது என்பதை 1993-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சேர்ந்தவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்ததில், பெருங்குடல் புற்றுநோய் மரணம் பாதிக்கு மேல் குறைந்திருந்ததாக 2012-ல் தெரியவந்தது.

எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி.

நான் வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவருக்குச் சிறிய பாலிப். வழக்கப்படி கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சுட்டு எடுத்தேன். ஒரு சொட்டு ரத்தமில்லை. எனக்கும் திருப்தி. எட்டாம் நாள் இரவு, அவருடைய கிராமத்தில், திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்தது. கடைசிப் பேருந்து போய்விட்டது. பால் வண்டியில் ஏற்றி விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் வாசலில் நின்ற அவருடைய மனைவியின் முகத்தை நான் மறக்கவில்லை.

ஏன் எட்டாம் நாள்? சூடு மேலே இருக்கும் ரத்தக் குழாய்களை அப்போதே அடைத்துவிடும். ஆனால் அது ஆழத்துக்கும் இறங்கி, கீழே உள்ள பெரிய குழாய்களையும் பொசுக்கும். சுட்ட இடத்தில் பொருக்குக் கட்டும். சில நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது அடியில் இருக்கும் குழாய் திறந்துகொள்ளலாம். இரண்டு வாரம் வரை இந்தப் பயம் உண்டு.

மற்ற முறைக்குக் 'குளிர்' முறை என்று பெயர். குளிர்ச்சி எதுவும் இல்லை. மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். மெல்லிய கம்பிச் சுருக்கைப் பாலிப்பைச் சுற்றிப் போட்டு, ஓரத்தில் ஓரிரண்டு மில்லிமீட்டர் நல்ல சதையும் சேர்த்து, இறுக்கி அறுத்துவிடுவது. உடனே ரத்தம் கசியும். பார்ப்பவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டு காத்திருந்தால், அநேகமாக ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் கையில் கிளிப் இருக்கிறது. கவனியுங்கள்: இங்கே ரத்தம் வருவது என் கண்ணெதிரே, மேஜையின்மேல். சூட்டு முறையிலோ அது வருவது கிராமத்தில், இரவில்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. தைவானில் 4,270 பேரை இரு பிரிவாக்கி, 4 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள பாலிப்புகளை இரு முறையிலும் எடுத்துப் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். பின்னால் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள் சூட்டு முறையில் 31 பேர், குளிர் முறையில் 8 பேர். சுடாவிட்டால் வேர் மிஞ்சிவிடாதா என்று நானும் பயந்தேன். ஜப்பானிய மருத்துவர்கள் 2018-ல் அதற்குப் பதில் சொன்னார்கள்: 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றில் முழுமையாக எடுக்கப்பட்டவை குளிர் முறையில் 98.2 சதவீதம், சூட்டு முறையில் 97.4. வித்தியாசமே இல்லை எனலாம்.

அதற்காக மின்சாரக் கருவியை மூலையில் போட முடியாது. காம்புள்ள பெரிய பாலிப்பில் காம்புக்குள் தடித்த ரத்தக் குழாய் ஓடும். அதற்குச் சூடு வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்று தாய்மார் தூக்கிவருவார்களே, அவர்களிடம் பல சமயம் காண்பது இப்படிக் காம்புள்ள பாலிப்தான். அது புற்றுநோய் அல்ல, தாய்மார் அழ வேண்டாம். மிகப் பெரிய தட்டையான பாலிப் என்றால் அடியில் உப்புநீர் செலுத்தி மேலே உயர்த்தி எடுக்க வேண்டும். அவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே நியாயம். 3 மில்லிமீட்டர் வரையுள்ள பொடிசுகளை இடுக்கியால் கிள்ளி எடுக்கலாம். அதைவிடப் பெரியதை இடுக்கியால் கிள்ளினால் மிச்சம் தங்கிவிடும்.

உண்மையைச் சொன்னால், நம் மக்களுக்கு இதில் மிகக் கஷ்டமான பகுதி சுருக்கு அல்ல, முந்தின நாள் குடிக்கும் பேதி மருந்துதான். சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கி, வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே கழிப்பறை வைத்திருப்பார்கள். அங்கே எப்படி மருந்து குடிப்பது? அத்தகையவர்களை முந்தின நாளே வார்டில் படுக்க வைத்துவிடுகிறோம்.

சென்ற மாதங்களில் வந்தவர்களில் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். இரண்டு வருடமாக ரத்தம். மூலம் என்று எண்ணெயும் லேகியமும் சாப்பிட்டிருக்கிறார். உள்ளே பார்த்தோம். ரத்தம் வந்தது மூலத்திலிருந்துதான்! ஆனால் அதற்கும் மேலே, ரத்தமே சிந்தாமல், 8 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று சத்தமின்றி உட்கார்ந்திருந்தது. மின்சாரம் இல்லாமல் எடுத்தோம். கசிவு நின்றதைப் பார்த்த பிறகே குழாயை வெளியே இழுத்தேன். ரத்தம் கட்டியாகப் போனாலோ தலை சுற்றினாலோ உடனே வரவேண்டும் என்று நர்ஸம்மா தெலுங்கிலும், கூட வந்த மைத்துனருக்குக் கன்னடத்திலும் சொல்லி அனுப்பினார்கள். சாயந்தரமே வீடு திரும்பினார். பரிசோதனை முடிவு அடினோமா; முழுதும் வந்துவிட்டது.

முடிவைச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது போகட்டும் சார், நான் வந்தது மூலத்துக்கு. அதுக்கு என்ன வழி?" என்றார். ராகிக் களி, கீரை, நிறையத் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தேன். "களி தினமும் திங்கிறதுதானே" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.