டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாதது: நம்ம தெரு போர் தண்ணி

(வடசென்னை தகவல் தொழில்நுட்ப அணிக் கலந்தாய்வில் நம் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு வேலை முடிச்சு நேரா இங்க வந்திருக்கீங்க. எனக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. தலைப்பே போர் தண்ணி, அதனால கொஞ்சம் போர் அடிக்கும். பொறுத்துக்கோங்க.

நம்ம பக்கம் மெட்ரோ வாட்டர் லைன் இருக்கு, லாரி வருது, கேன் வருது. ஆனாலும் எத்தனையோ தெருவுல, காம்பவுண்டு வீடுகள்ல, பொதுவா ஒரு போர், மேல ஒரு சின்டெக்ஸ் டேங்க், கீழ நாலு குழாய். பத்து இருபது குடும்பம் அதை நம்பி இருக்கு. கேட்டா "குளிக்க, துணி துவைக்கத்தான்"னு சொல்லுவோம். லாரி வராத அன்னைக்கு அதே தண்ணிதான் உலையிலயும் ஏறுது. லைன் தண்ணியைச் சோதிக்க வாரியம் இருக்கு. கேன் கம்பெனிக்கு லைசென்ஸ் வேணும். இந்தத் தெரு போரை மட்டும் யாரும் சோதிக்கிறதில்ல. மோட்டார் காயில் போனா வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணுவோம், அதோட சரி.

இப்ப எல்லார் கையிலயும் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர். நம்ம பேஜுக்கே போட்டோ வருது: "420 தான் காட்டுது, தண்ணி சூப்பர் அண்ணா"ன்னு. அந்த மீட்டர் தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பார்க்குது, அதை வச்சு உப்பு எவ்வளவு இருக்கும்னு கணக்குப் போடுது. அவ்வளவுதான் அதோட படிப்பு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதுல டிடிஎஸ் 500க்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லேன்னா 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம். அதே தரத்துல இன்னொண்ணும் இருக்கு: 100 மில்லி தண்ணியில ஈ.கோலி கிருமி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. சாக்கடை கசிஞ்ச தண்ணியிலயும் மீட்டர் 420 காட்டும். எண்ணெய் மின்சாரம் கடத்தாது, அதனால எண்ணெய் கலந்தாலும் 420 தான்.

எண்ணெய்னு சும்மா சொல்லல. 2013ல தண்டையார்பேட்டை திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் போர்ல அடிச்ச தண்ணியில பெட்ரோலிய வாடை. துறைமுகத்துல இருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்கு மண்ணுக்கடியில போற பாரத் பெட்ரோலியம் குழாய்ல கசிவு. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அந்த ஏரியாத் தோழர்கள் இங்க உட்கார்ந்திருக்கீங்க, என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். 2017 ஜனவரியில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுனப்ப வாளியில அள்ளுன போட்டோ நாடே பார்த்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் படிஞ்சப்ப டிரோன் வச்சு எடுத்தோம். கடல்ல மிதக்கிறதை வீடியோ எடுக்கலாம். மண்ணுக்குள்ள மிதக்கிறதை எப்படி எடுப்பீங்க?

நம்ம பக்கம் கடற்கரை மணல். நிலத்தடி நீர் மேலாக்கவே கிடைக்கும், அதனால மேல சிந்துறதும் சீக்கிரம் கீழ போய்ச் சேரும். எண்ணெய் தண்ணி மேல படலமா நிக்கும். அதுல இருக்கிற பென்சீன் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கரையும். ரத்தப் புற்றுநோய் வரவழைக்கிற சரக்கு அது. ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 1 சதவீதம் வரைக்கும் பென்சீன் இருக்கலாம், அதாவது எட்டு கிராம் சொச்சம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, லிட்டர் தண்ணிக்கு 10 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்க: 8 லட்சம் லிட்டர் தண்ணியைக் கெடுக்க ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். அந்த அளவுல வாடை கூட வராது.

"காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும்"னு அம்மா சொல்லுவாங்க. கிருமிக்கு அது சரி. உப்பும் நைட்ரேட்டும் காய்ச்சினா போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும். பெட்ரோல் வாடை அடிக்கிற தண்ணியை மட்டும் அடுப்பில ஏத்தவே ஏத்தாதீங்க, அந்த ஆவியை சமையல்கட்டுல நிக்கிறவங்கதான் சுவாசிக்கணும்.

உப்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. கரையோரத்துல நல்ல தண்ணி கடல் தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கு. நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினா, அடியில உப்புத் தண்ணி சுமார் 40 அடி ஏறி வரும். மீஞ்சூர்ல நடந்தது இதுதான். சென்னைக்கும் ஆலைகளுக்கும் அங்க இருந்து உறிஞ்சினாங்க; 1960களின் கடைசியிலேயே கடல் உள்ள வந்தது பதிவாகியிருக்கு, அப்புறம் பத்து கிலோமீட்டருக்கு மேல போயிடுச்சு. "இன்னும் நாப்பது அடி இறக்கிடலாம் சார்"னு போர்க்காரர் சொல்லும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க. மொட்டைமாடி மழைத்தண்ணியை மண்ணுக்குள்ள விடுறதுதான் இதுக்கு மருந்து. 2003லயே கட்டாயமாக்கின திட்டம். எத்தனை வீட்டுல அந்தக் குழாய் அடைச்சுக்கிட்டுக் கெடக்குன்னு போய்ப் பாருங்க.

சரி, நாம என்ன செய்யப் போறோம்? மீம் போடுறதுல நாம புலி. இந்த வாரம் அந்தப் போனை எடுத்துக்கிட்டு அவங்கவங்க தெரு போர் கிட்ட போங்க. எத்தனை அடி ஆழம், பக்கத்துல சாக்கடையோ செப்டிக் டேங்கோ எவ்வளவு தூரம், போர் வாயைச் சுத்தி சிமெண்டு மேடை இருக்கா, மழையில தண்ணி தேங்குதா, டேங்க் கடைசியா எப்ப கழுவினாங்க, வாடை ஏதாவது வருதா, எல்லாத்தையும் அக்காமார்கிட்ட கேட்டு எழுதுங்க. குடம் பிடிக்கிறவங்களுக்குத்தான் உண்மை தெரியும். எச்2எஸ் குப்பின்னு ஒண்ணு கிடைக்குது. தண்ணியை ஊத்தி ரெண்டு நாள் வைங்க. கறுத்துப் போச்சுன்னா சாக்கடை கலந்திருக்குன்னு சந்தேகப்பட்டே ஆகணும். டேங்குக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கலந்து ஒரு மணி நேரம் கழிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. பவுடர் பழசா இருந்தா வீரியம் இருக்காது. முழுச் சோதனைக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு. வாடை வந்த போருக்கு எண்ணெய்ச் சோதனையும் வேணும்னு தனியா எழுதிக் கேக்கணும், கேக்கலேன்னா சாதாரண ரிப்போர்ட்ல அது வராது.

இது கையில வந்த பிறகுதான் நம்ம கோரிக்கை. பொது போர்களை மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அரசே சோதிக்கணும், முடிவை அந்தக் குழாய்க்கு மேலயே தமிழ்ல ஒட்டணும். எண்ணெய்க் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில போகுதுன்னு அந்தத் தெருக்காரங்களுக்குச் சொல்லணும். அங்க பென்சீனுக்கும் சோதனை, குழாய்க்காரங்க செலவுல.

படிவம் வட்டக் குரூப்புல இன்னைக்கு ராத்திரி வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. வாடை வர்ற போர் இருந்தா ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேணாம், உடனே போன் பண்ணுங்க.