சீனி கூடினால் உடம்பில் சேரும் நஞ்சுகள்

(மீள்குடியேறிய மக்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி துப்புரவாக்கி, கூரை போடுகிற அலுவலில் உங்களில் பலர் கிளினிக் பக்கம் போகவில்லை. இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்களும் இருக்கிறீர்கள். "ஒரு வருத்தமும் தெரியவில்லை, குளிசை எதற்கு?" என்று கேட்கிறீர்கள். நீரிழிவு பல காலம் வலி காட்டாமலே உடம்பைப் பழுதாக்கும் நோய்.

பாணை நெருப்பில் வாட்டினால் ஏன் சிவக்கிறது? அதிலுள்ள சீனியும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்வதால். இரத்தத்தில் சீனி கூடிநின்றால் உடம்புக்குள்ளும் இதுபோன்ற மாற்றம் மெதுவாக நடக்கிறது. சீனி ஒட்டிய புரதங்கள் நாளடைவில் இறுகி, பழைய நிலைக்குத் திரும்பாத கழிவுகளாகின்றன. இவை இரத்தக் குழாய்களைத் தடிப்பாக்கும். கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றுக்குப் போகும் நுண்ணிய குழாய்கள் பழுதாகும்.

செங்குருதிக் கலத்திலும் சீனி ஒட்டும். அக்கலம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், எச்.பி.ஏ.1.சி பரிசோதனை கடந்த 2, 3 மாதக் கணக்கைச் சொல்லிவிடும். முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற ஏலாது. பலருக்கு இலக்கு 7 வீதத்துக்குக் கீழ்.

இன்னொரு நஞ்சு விரைவாகச் சேரும். இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது கீற்றோன் என்ற அமிலப் பொருள் உண்டாகும். கடும் தாகம், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவற்றைக் கண்டால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இன்சுலின் போடுபவர்கள், சாப்பிட முடியவில்லை என்று தாங்களாகவே ஊசியை நிறுத்தக்கூடாது. வைத்தியரைக் கேளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. கொப்பி இல்லாவிட்டாலும் கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பழைய குளிசை உறை இருந்தால் கொண்டுபோங்கள்.

2. காணியில் செருப்பில்லாமல் இறங்க வேண்டாம். நரம்பு மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. இரவில் இரண்டு பாதங்களையும் பாருங்கள்.

3. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், இன்சுலினைத் தண்ணீர் படாமல் பொதிந்து, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் வையுங்கள்.

4. ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணையும் சிறுநீரையும் பரிசோதியுங்கள்.

பழுதான கண்ணையும் சிறுநீரகத்தையும் பழையபடி ஆக்குவது கடினம். சீனியைக் கட்டுப்படுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். திரும்பி வந்த மண்ணில் உழைக்க உங்களுக்குக் கண்ணும் காலும் வேண்டும். வருகிற கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.