மருந்தோடு மனிதரும்



நம் புனே நகரத்து எரவாடா மனநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர் மனநல மருத்துவர் அனிதா அவச்சட் அம்மையார். 1986-ஆம் ஆண்டில், தம் கணவரும் மராத்தி எழுத்தாளருமான அனில் அவச்சட்டுடன் 'முக்தாங்கண்' என்னும் போதை மீட்பு இல்லத்தைத் தோற்றுவித்தார். எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே பொருளுதவி நல்கினார்.

குடியைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் அங்கு மருந்து முதலிடம் பெற்றது. ஆயினும், மருந்து உடலைத் தேற்றுமேயன்றி வாழ்வைச் சீராக்காது. அதனால் யோகப் பயிற்சியும், இசையும், குழுவாய் அமர்ந்து மனந்திறந்து பேசுதலும் உடன் சேர்ந்தன. குடும்பத்தாரும் துணையாக அழைக்கப்பட்டனர்.

அம்மையார் 1997-இல் மறைந்தார். இல்லமோ இன்றும் இயங்குகிறது.

அன்பர்களே! ஊரார் பழிக்கு அஞ்சி நோயை மறைக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. மறைத்த நோய் வளரும். மருத்துவரை நாடுவோம், நோயுற்றவரைத் தனித்திருக்க விடோம்.