கப்பல் ஏட்டில் நம் பாட்டன்

தோழர்களே, வம்சாவளி தேடுறது செப்பேடு வெச்சிருக்கிறவன் வேலைன்னு நினைக்கிறோம். கடல் கடந்து போன நம்ம பாட்டனுக்கும் ஏடு இருக்கு. எழுதினவன் வெள்ளைக்காரன், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வைக்க.

1860 அக்டோபரில் சென்னையில் கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. அதுதான் முதல் கப்பல். 1911 வரை நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆளுக்கொரு எண். பெயரை நம்பித் தேடாதீங்க. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான், முனுசாமியே பத்து விதமா இருப்பான். எண்ணைப் பிடிங்க. பழைய கலியாணப் பதிவில்கூடக் கிடக்கலாம். அதை வைத்துப் பட்டியலைத் திறந்தால் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம்.

சாதிக் கட்டத்தில் 'பறையன்' என்றிருந்தால் சிலர் ஏட்டையே மூடிவிடுகிறார்கள். மூடினால் ஊரும் போச்சு. ஊர் தெரிஞ்சா மட்டும் போதுமா? ஊருக்குள் விசாரித்தால், 'அப்படி யாரும் போகலையே' என்பார்கள். சேரியில் கேட்கணும்.