தாயத்தும் நச்சுமுறிவு மருந்தும்

(ஆகஸ்ட் 20, தேசிய அறிவியல் மனப்பான்மை நாளையொட்டி நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



2013 ஆகஸ்ட் 20 அன்று காலை, புனேயில் ஓங்காரேஸ்வரர் கோயிலை ஒட்டிய பாலத்தின் மீது நடந்து சென்றுகொண்டிருந்த டாக்டர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கைகளுக்கு எதிராக ஒரு சட்டம் வேண்டும் என்று அவர் வலியுறுத்திவந்த மசோதா, மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு வந்தது. அவர் கொல்லப்பட்ட சில நாட்களுக்குள் அது அவசரச் சட்டமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் முறையான சட்டமாக நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் தோழர் கோவிந்த் பன்சாரேயும் அவருடைய துணைவியார் உமாவும் சுடப்பட்டனர். நான்கு நாட்களுக்குப் பின் பன்சாரே மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் பேராசிரியர் கல்புர்கி. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் கௌரி லங்கேஷ். தபோல்கர் கொலை வழக்கில் 2024 மே மாதம் புனே நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மூவரை விடுவித்தது. துப்பாக்கியைப் பிடித்த கை எது என்பதற்கு விடை கிடைத்தது. அந்தக் கையை இயக்கியவர் யார் என்பதற்குக் கிடைக்கவில்லை.

கொலைகாரர்களைப் பற்றிக் கட்சித் தோழர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. கடினமான கேள்வி வேறொன்று. தபோல்கரின் மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் மதவெறி அமைப்பினர் மட்டும் இருக்கவில்லை. வார்கரிகளும் இருந்தனர். ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் பண்டரிபுரத்துக்குப் பல நாட்கள் நடந்தே செல்லும் விட்டல பக்தர்கள் அவர்கள், பெரும்பாலும் குடியானவர்கள். கடன்பட்டு, மழையை எதிர்பார்த்து, விதைத்துவிட்டு நடப்பவர்கள். ‘இந்தச் சட்டம் வந்தால் உங்கள் யாத்திரையைத் தடை செய்துவிடுவார்கள், பஜனை பாடினால் சிறைக்கு அனுப்புவார்கள்’ என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் நம்பினார்கள். உழைப்பாளி மக்களுக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு மசோதாவை உழைப்பாளி மக்களே எதிர்த்து நின்ற நிலை அது.

அப்போது தபோல்கர் என்ன செய்தார் என்பதைக் கற்றுக்கொள்வது முக்கியம். ‘அறியாத மக்கள்’ என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. அவருடைய மகாராஷ்டிர அந்தச்ரத்தா நிர்மூலன் சமிதி, தன் உறுப்பினர் எவரிடமும் நாத்திகச் சான்றிதழ் கேட்டதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பது அமைப்பின் வழக்கு அன்று. கடவுளின் பெயரால் ஒருவர் இன்னொருவரை ஏமாற்றுகிறாரா, அடிக்கிறாரா, கொல்கிறாரா என்பதுதான் வழக்கு. மசோதா மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. இறுதியில் வந்த சட்டம் நம்பிக்கை எதையும் குற்றமாக்கவில்லை, செயல்களைப் பட்டியலிட்டது. பேயோட்டுவதாகக் கூறிக் கட்டிவைத்து அடிப்பது, நரபலி, அற்புதம் செய்வதாகக் காட்டிப் பணம் பறிப்பது, பாம்போ நாயோ தேளோ கடித்தவரை மருத்துவம் பார்க்கவிடாமல் தடுத்து மந்திரம் போடுவது, விரலாலேயே அறுவை சிகிச்சை செய்வதாகவும் கருவிலுள்ள குழந்தையின் பாலை மாற்றுவதாகவும் சொல்வது போன்றவை அவை. தண்டனை ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை. யாத்திரை, பிரதட்சிணம், கீர்த்தனை, பஜனை ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதப்பட்டது.

சட்டம் நீர்த்துப்போய்விட்டதாகப் பகுத்தறிவாளர் சிலர் குறைகூறினர். அந்தக் குறையில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பண்டரிபுரத்து மரபையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நுழைய விடாமல் வெளியே நிறுத்தப்பட்ட சோகாமேளாவும், புரோகிதர்களின் பகையைச் சம்பாதித்த துகாராமும் அந்த மரபின் கவிஞர்கள்தாம். துடைப்பத்தைத் தோளில் சுமந்து ஊர்களைப் பெருக்கிச் சென்ற காட்கே பாபா, மூடநம்பிக்கையை எள்ளி நகையாடிய இடம் எது? அதே கீர்த்தனை மேடைதான். இந்த மரபு முழுவதையும் மதவெறியர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருவது எந்த வகையிலும் வீரம் ஆகாது.

இங்கே எங்கெல்ஸை நினைவுகூர்வது பயன்தரும். ஆவிகளோடு பேசுவது ஐரோப்பாவில் பெரும் நாகரிகமாக இருந்த காலத்தில், 1878 அளவில், அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பின்னரே அச்சாகி, ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலில் இடம்பெற்றது. அதில் அவர் எடுத்துக்கொண்டவர்கள் எழுத்தறிவில்லாத கிராமத்தார் அல்லர். டார்வினோடு இணையாக இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸ் ஒருவர். தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்த குரூக்ஸ் இன்னொருவர். இருவரும் இருட்டறையில் ஆவிகள் வந்துபோவதாக நம்பியவர்கள்.

அதற்கும் முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நிகழ்ச்சியையும் எங்கெல்ஸ் அதில் சொல்கிறார். 1843-44 குளிர்காலத்தில் மான்செஸ்டரில் ஸ்பென்சர் ஹால் என்பவர் மேடையில் மனோவசியக் காட்சி நடத்தினார். மயக்க நிலையிலிருந்த ஓர் இளம்பெண்ணின் மண்டையில் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் அவள் மண்டியிட்டுத் தொழுவாள்; பக்தி உணர்வுக்குரிய உறுப்பு அங்கே இருக்கிறதாம். வாலஸ் இதை நம்பினார். எங்கெல்ஸும் ஒரு நண்பரும் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்தனர். மயக்க நிலை உண்மையாகவே வந்தது. ஆனால் பக்தி, கோபம் முதலிய ‘உறுப்புகளை’ உடலில் எங்கே வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் பையனுக்குத் தெரிந்திருந்தால் போதும். கால் கட்டைவிரலில் குடிவெறிக்கான உறுப்பையே அவர்கள் ‘கண்டுபிடித்து’விட்டார்கள்!

எங்கெல்ஸ் சிரித்துவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்து பார்த்தார். நடந்தது எது, நடந்ததாக எண்ணப்பட்டது எது என்று பிரித்தார். கண்ணால் கண்டதே போதும், கோட்பாடு எதற்கு என்று இறுமாந்த அறிவியலாளர்தாம் ஆவிகளிடம் எளிதில் சிக்குகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். இன்று ராக்கெட் ஏவும் முன் நல்ல நேரம் பார்ப்பவர்களைக் கண்டு வியப்பவர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்கலாம்.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததாக ஒரே நாளில் நாடெங்கும் செய்தி பரவியபோது அரசின் அறிவியலாளர்கள் இதே வழியில்தான் சென்றார்கள். பாலில் வண்ணம் கலந்து கொடுத்தபோது, அது பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து கவரப்பட்டுச் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கோவை போத்தனூரிலிருந்து இயங்கிய பிரேமானந்த், சாமியார்களின் அற்புதங்களை ஊர் ஊராகச் செய்துகாட்டி, பிறகு அவற்றின் சூட்சுமத்தையும் சொன்னார். தீக்குச்சி இல்லாமல் வேள்வித் தீ மூட்டுவது எப்படி? பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் ‘நெய்’ என்று சொல்லிக் கிளிசரினை ஊற்றிச் சற்றுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்ட பார்வையாளர் அவமானப்படுவதில்லை. தானும் செய்து பார்க்கிறார்.

ஆனால் வேதியியல் பாடம் எல்லா இடத்திலும் போதாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். தர்காவில் தங்கினால் நோய் நீங்கும் என்று எல்லா மதத்தாரும் தங்கள் உறவினரை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தனர். ஏழைக் குடும்பம் ஒன்று மனநோய்க்கு மருத்துவம் பார்க்க அந்நாளில் எத்தனை மாவட்டங்களில் வசதி இருந்தது? மூடநம்பிக்கை அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி என்றால், மருத்துவத்தைக் கைவிட்ட அரசு மற்றொரு கண்ணி. மதத்தை அபின் என்றார் மார்க்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பத்தியில் ஒடுக்கப்பட்டவரின் துயரத்தையும் அவர் பேசியிருக்கிறார் என்பது பல வகுப்புகளில் விடுபட்டுப் போகிறது.

அசாமின் கோல்பாரா மாவட்டத்தில், மேகாலய எல்லையோரம் வாழ்ந்த ராபா பழங்குடிப் பெண் பிருபாலா ராபாவின் கதையை ஒவ்வொரு கிளையிலும் சொல்ல வேண்டும். 1980களில் அவருடைய மகனுக்கு மனநோய் கண்டது. ஊர் வைத்தியர், பையனை ஒரு தேவதை பிடித்திருக்கிறது, மூன்று நாட்களில் இறந்துவிடுவான் என்றார். பிருபாலாவும் நம்பினார். மூன்று நாட்கள் கடந்தன. மகன் சாகவில்லை. சந்தேகம் அங்கே பிறந்தது. எந்தப் பகுத்தறிவு நூலும் அதைக் கற்பிக்கவில்லை. அதன்பின் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களை மீட்க அவர் ஊர்க்கூட்டங்களின் நடுவே போய் நின்றார். ஊர் விலக்கையும் தாக்குதலையும் சந்தித்தார். 2015-இல் அசாம் சட்டமன்றம் சூனிய வேட்டைக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியதில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. 2024 மே மாதம் அவர் மறைந்தார்.

பீகார் 1999-லேயே இத்தகைய சட்டம் இயற்றியது. ஜார்க்கண்ட், ஒடிசா, ராஜஸ்தான் ஆகியவையும் இயற்றின. ஆயினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில், கொலைக்கான நோக்கங்களின் பட்டியலில் ‘சூனியம்’ என்று தனி வரியே இன்னும் இருக்கிறது. ‘சூனியக்காரி’ ஆக்கப்படுபவர் பெரும்பாலும் யார்? கணவனை இழந்தவர், ஆண்துணை இல்லாதவர், பெயரில் சிறிது நிலம் உள்ளவர். நிலத்தை யார் எடுத்துக்கொண்டார் என்று விசாரித்தால் பேய் எங்கிருந்து வந்தது என்பது பல வழக்குகளில் விளங்கிவிடும்.

இடதுசாரிகள் தம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் கேரளத்தின் இலந்தூரில் இரண்டு பெண்கள் நரபலியாகக் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்தது. இருவருமே லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர். எழுத்தறிவில் முதன்மையான, இடதுசாரிகள் பலமுறை ஆண்ட மாநிலம் அது. மூடநம்பிக்கைக்கு எதிரான சட்டம் வேண்டும் என்ற பேச்சு அங்கே நீண்டதே தவிர, சட்டம் வந்துவிடவில்லை. மேடையில் பொருள்முதல்வாதம் பேசிவிட்டு, மகளின் திருமணத்துக்குப் பின்வாசல் வழியாக ஜாதகப் பொருத்தம் பார்க்கும் தோழர்களும் இல்லாமல் இல்லை. அவர்களே தம் தாயாரின் விரதத்தைக் கேலி செய்வதும் உண்டு.

விமர்சனம் ஒரு மதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதும் உண்மை. 2012-இல் மும்பை இர்லாவில் சிலுவையிலிருந்து நீர் சொட்டியபோது, அருகிலிருந்த கழிவுநீர்க் குழாயிலிருந்து சுவர் வழியாக நுண்புழை ஏற்றத்தால் வந்த நீர் அது என்று சனல் எடமருகு விளக்கினார். மத உணர்வைப் புண்படுத்தியதாக அவர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவில் புகார்கள் அளிக்கப்பட்டன. அவர் நாட்டைவிட்டே செல்ல நேர்ந்தது. அரசியல் சட்டத்தின் 51-ஏ (எச்) பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமை என்கிறது. அந்தக் கடமையைச் செய்தவர் மீது தண்டனைச் சட்டம் பாய்கிறது. ஆட்சியாளர்கள் எந்தப் பக்கம் என்பதைப் பாடநூல்களே சொல்லும். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் பரிணாமக் கோட்பாட்டுப் பகுதியை என்சிஇஆர்டி நீக்கியது 2023-இல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டனர்.

அப்படியானால் நம்புகிறவரோடு எப்படிப் பேசுவது? லெனின் 1909-இல் எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓரிடத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது. தொழிலாளரில் ஒரு பகுதியினர் சோசலிஸ்டுகள், மற்றவர்கள் தேவாலயத்துக்குச் செல்பவர்கள். அந்த நேரத்தில் நாத்திகப் பிரசாரத்தை முன்னால் நிறுத்துபவர், தொழிலாளரைப் பிரிக்க விரும்பும் பாதிரிக்கும் முதலாளிக்கும்தான் உதவுகிறார் என்கிறார் அவர். அதற்காகக் கட்சி தன் உலகக் கண்ணோட்டத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மதம் அரசைப் பொறுத்தவரையில்தான் தனியார் விவகாரம், கட்சியைப் பொறுத்தவரையில் அல்ல என்றும் அதே கட்டுரையில் அழுத்திச் சொல்கிறார்.

இதைப் பாம்புக்கடியில் வைத்துப் பார்க்கலாம். 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தார், வயலில் நிற்பவர்கள். மந்திரவாதியிடம் ஓடுகிறவர் ஏன் ஓடுகிறார்? மந்திரவாதி அதே ஊரில் இருக்கிறார். எந்த நேரத்திலும் கதவைத் திறக்கிறார். மேலும், கடித்த பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ளதும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிக்கும். எனவே மந்திரம் ‘பலித்த’ சாட்சிகள் ஊரில் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். அவர்களைப் பொய்யர் என்று அழைத்த கணத்திலேயே உரையாடல் முடிந்துவிடும்.

கிளைத் தோழர்கள் மழைக்காலத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, நச்சுமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். இல்லையென்றால் அதற்காக ஊரைத் திரட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பூசாரியையும் அழைக்கலாம். யாரையேனும் பாம்பு கடித்துவிட்டால், கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கடிவாயைக் கீறவோ விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, உடனே வண்டியில் ஏற்ற வேண்டும். அவருடைய தாயார் வண்டியில் ஏறும் முன் மகன் கையில் ஒரு தாயத்தைக் கட்டினால் கட்டட்டும். இறுக்கிக் கட்டாமல் பார்த்துக்கொண்டு, தோழர் உடன் செல்ல வேண்டும்.